பிரேமலாவின் புதுச் சவ வண்டி

புது வண்டிக்குப் பூசை போடத் தயங்கியவர் குருக்கள் ஒருவர்தான்.

வண்டி கோயில் வாசலில் பளபளவென்று நின்றது. வெள்ளை வேன். பக்கவாட்டில் ஊதா எழுத்தில் 'அமைதி இறுதிச் சேவை, கோத்தா திங்கி' என்று எழுதி, கீழே கைப்பேசி எண் போட்டிருந்தது. குருக்கள் அதை ஒருமுறை சுற்றி வந்தார். பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியை ஏற்றித் தள்ளுவதற்கான உருளைகள் வரிசையாகத் தெரிந்தன. தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"வழக்கமா வண்டிப் பூசைன்னா தொழில் பெருகணும், நிறைய நடை ஓடணும்னு வேண்டிக்குவேன். இதுக்கு எப்படிம்மா வேண்டறது?"

"வண்டி வழியில நிக்காம ஓடணும்னு மட்டும் வேண்டிக்கங்க சாமி. மத்தது தானா நடக்கும்," என்றாள் பிரேமலா.

குருக்கள் அப்படியே வேண்டிக்கொண்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிரேமலா ஏறி நசுக்கினாள். அவள் கணவன் மதிவாணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தான்.

பழைய வண்டி வருடக் கடைசி வெள்ளத்தில் கூரை வரை முங்கிப்போயிருந்தது. அதைத் துடைத்து, காயவைத்து, திட்டி, கெஞ்சிப் பார்த்தும் ஓடவில்லை. புதுசு வாங்கலாம் என்றது மதிவாணன். பின்னால் கேமரா இருக்கிறது, ஏசி காலில்கூட அடிக்கிறது என்று ஒரு மாதம் அதே பேச்சு. வண்டி ஓட்டுவது மட்டும் எப்போதும் பிரேமலாதான். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை பல வருடம் ஓட்டியவள். அந்த நாட்களில், பஸ்காரம்மா சிரிக்கவே மாட்டேங்கிறார் என்று நிர்வாகத்துக்குப் புகார் போனதுண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அதே முகத்தை எல்லாரும் பாராட்டினார்கள்.

பூசை போட்ட இரண்டாம் வாரம் மணியம் இறந்துபோனார்.

மணியம் செம்பனை எண்ணெய் ஆலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூத்த மகன் குணாளன் தினமும் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வருகிறவன். எரிக்கும் மின்சுடலை ஜொகூர் பாருவில். பெட்டியை ஏற்றி, மாலைகளைச் சரிசெய்து, கதவைச் சாத்தும்போது, மணியத்தின் மனைவி காளியம்மா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"பொம்பளைங்க வர்றது வழக்கமில்லியேம்மா," என்றார் ஒரு பெரியவர்.

"அவரு லாரிய எடுத்துட்டுப் போவாரு, நான் வீட்டுல காத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். காலம் பூரா அதுதான் நடந்துச்சு. இன்னிக்கு நானும் போறேன்," என்று சொல்லி காளியம்மா இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆற்றுப் பாலம் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெரிய சாலையில் ஏறியதும் பிரேமலா வேகத்தைக் கூட்டினாள். பின்னால் குணாளனின் கார், அதன் பின்னால் உறவினர் கார்கள், கடைசியில் மேளக்காரர்களின் பிக்கப். இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஒரு சின்ன மேடு வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மிதியை அழுத்தினாள். இஞ்சின் கத்தியது. வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. வேகம் குறைந்துகொண்டே போய், மேட்டில் பாதி ஏறியிருக்கும்போது, வண்டி நின்றது.

பின்னால் வந்த கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. பிக்கப்பில் வந்த மேளக்காரர்கள், பாதி வழியில் பிரேதத்தைத் திசை மாற்றும் சடங்கு நடக்கிறது என்று நினைத்து, குதித்து இறங்கி அடிக்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் மிக நன்றாக அடித்தார்கள்.

குணாளன் ஜன்னலருகே வந்தான். "என்னக்கா ஆச்சு?"

"இழுக்க மாட்டேங்குது தம்பி."

"புது வண்டிதான?"

"புதுசுதான்."

அவன் வண்டியைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மின்சுடலையில் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். மதிவாணன் அதற்குள் இறங்கி, முன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் தொடவில்லை.

"அவரு லாரி நின்னுட்டா எறங்கிப் போய் முன் டயர ஒரு உதை விடுவாரு," என்றார் காளியம்மா.

"ஓடுமாம்மா?"

"ஓடுமான்னு தெரியாது. உதைப்பாரு."

பிரேமலா இறங்கிப் போய் முன் டயரை உதைத்தாள். திரும்பி வந்து ஏறி மிதியை அழுத்திப் பார்த்தாள். ஓடவில்லை. "செஞ்சு பாத்தாச்சுல்ல," என்றார் காளியம்மா.

வண்டி விற்ற கடை அவசரத்துக்கு என்று ஓர் எண் கொடுத்திருந்தது. பிரேமலா அழைத்தாள். ஒரு பெண் இனிமையாக மலாயில் பேசினாள். வண்டி எங்கே நிற்கிறது, என்ன நிறம் என்று கேட்டுவிட்டு, "வண்டியில் இருப்பவர்களுக்குக் காயம் ஏதும் உண்டா?" என்றாள்.

"காயமில்ல. ஒருத்தர் இறந்துட்டாரு."

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டீர்களா, பதற்றப்படாதீர்கள், அவரை அசைக்காதீர்கள் என்று அந்தப் பெண் படபடவென்று சொன்னாள்.

"அவரு முந்தாநாளே இறந்துட்டாரு. நாங்க எரிக்க எடுத்துட்டுப் போறோம்."

பிறகு, இழுவை லாரி அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லாரியில் வந்தவர் அஸ்லான் என்கிற மலாய்க்காரர். வண்டியைத் தரையிலிருந்து தூக்கித் தன் முதுகில் ஏற்றிக்கொள்கிற வகை லாரி அது. இறங்கியதும் கார் வரிசையையும் மாலைகளையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வொர்க்‌ஷாப்புக்குத்தானே?" என்று மலாயில் கேட்டார்.

"மொதல்ல மின்சுடலைக்கு. அப்புறம் வொர்க்‌ஷாப்பு," என்றாள் பிரேமலா.

அஸ்லான் யோசித்தார். ஏற்றிப் போகும் வண்டிக்குள் பயணிகள் இருக்கக் கூடாது என்பது சட்டம். பெட்டியைச் சாலையோரம் இறக்கி வைக்கவும் முடியாது. முதலாளியைக் கூப்பிட்டு ஓரமாகப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சங்கடத்தில் சிவந்திருந்தது.

"பாஸ் கேக்கறாரு, உள்ள இருக்கிறவரு பயணியா சரக்கான்னு. சரக்குன்னா ஏத்தலாமாம்."

பிரேமலாவுக்குத் தானாக இதற்குப் பதில் சொல்ல உரிமை இல்லை என்று பட்டது. காளியம்மாவிடம் போய் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னாள். குணாளன் கொதித்துப்போய் வாயைத் திறந்தான். காளியம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"சரக்குன்னே சொல்லும்மா. கோவிச்சுக்க மாட்டாரு. அவரு பொழைப்பே சரக்குலதான ஓடுச்சு."

அப்படித்தான் மணியம் போனார். இழுவை லாரியின் முதுகில் சவ வண்டி, சவ வண்டிக்குள் பெட்டி, பெட்டிமேல் மாலை. லாரித் தலையில் மஞ்சள் விளக்கு சுழன்றது. முன்னறையில் அஸ்லானுக்கும் பிரேமலாவுக்கும் நடுவில் காளியம்மா உட்கார்ந்திருந்தார். அஸ்லான் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியில் தொங்கிய பொம்மையைக்கூடக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். உலு திராம் சாலைச் சந்திப்பில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் ஹெல்மட்டைக் கழற்றினார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்தார்.

"நல்ல ஒசரம்," என்றார் காளியம்மா, சாலையைப் பார்த்தபடி. "இந்த லாரி அவருக்குப் பிடிச்சிருக்கும்."

மின்சுடலையில் பெட்டியை அந்த உயரத்திலிருந்து இறக்க வந்திருந்த ஆண்கள் எல்லாரும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பத்திரமாக இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. சாவுக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அஸ்லான் மட்டும் குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து, "மறுபடி சந்திப்போம்" என்று பணிவாக மலாயில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் காலையில், சந்திப்பில் ஒருவர் எடுத்த காணொளி பிரேமலாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியது அவளுடைய அக்கா மகள். 'செத்த பிறகும் சர்வீஸுக்குப் போறாரு' என்று மேலே எழுதி, அழுதுகொண்டே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நாலைந்து போட்டிருந்தது. ஊதா எழுத்தும் கைப்பேசி எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அந்த எண்ணுக்கு அன்று பல அழைப்புகள் வந்தன. எல்லாம் சிரிப்பதற்கு வந்தவை. அதற்கப்புறம் அதுவும் நின்றது.

ஒருவரைக் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பிரேமலாவுடையது. அதில் தவறினால் இன்னொரு தடவை சரியாகச் செய்து காட்ட முடியாது. மணியம் மறுபடியும் சாகப் போவதில்லை. சோறு பிசையும்போதும் துணி காயப் போடும்போதும் இந்த நினைப்பே வந்து நின்றது.

ஸ்கூடாயில் இருந்த, வண்டி விற்ற கடையின் மேலாளர் சியா என்கிற சீனர். மெலிந்த, மரியாதையான மனிதர். பிரேமலாவுக்குக் குடிக்க மைலோ கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"கியர்பாக்ஸ் சூடாகியிருக்கு. இது மெதுவா ஓட்டினதால வர்றது. ஊர்வலம் மாதிரி ஓட்டினா இந்த கியர்பாக்ஸ் தாங்காது. வாரண்டியில வருமான்னு பாக்கணும்."

"வாங்கும்போது எந்த வேலைக்குன்னு சொல்லித்தான் வாங்குனோம்."

"சொன்னீங்க."

"அப்ப வேகமா ஓட்டுங்கன்னு யாரும் சொல்லலியே. எங்க வேலையில வேகமா போனா யாரும் மெச்ச மாட்டாங்க."

சியா தலையசைத்தார். அது ஒப்புதலா மறுப்பா என்று தெரியவில்லை. இருந்தாலும் எண்ணெய் மாற்றி, கணினியைச் செருகி ஏதோ செய்து, சில நாட்களில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி புதுசு மாதிரி ஓடும் என்றார்கள். "அதுதான் பயமா இருக்கு," என்றாள் பிரேமலா.

மணியத்தின் கருமாதிக்கு அவள் அதே வண்டியில் போனாள். குணாளன் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாழையிலையில் மணியத்துக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். காளியம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆட்டுக்கறியை இரண்டாம் தடவையும் வைத்தார். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாயில் கறியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த வாரம் உலு திராமில் ஒரு சாவு. காணொளிக்குப் பிறகு தொழிலுக்கென்று வந்த முதல் அழைப்பு. வேறு வண்டி கிடைக்காமல்தான் கூப்பிட்டார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. பிரேமலா விடியலிலேயே வண்டியைக் கழுவிப் புறப்பட்டாள். பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதே வாடை. வண்டி நின்றது. இந்தத் தடவை பின்னால் கார்களும் இல்லை, மேளமும் இல்லை. அந்த வீட்டுக்குக் கைப்பேசியில் அழைத்து, வர முடியவில்லை என்று சொன்னாள். "பரவால்ல, வேற பாத்துக்கறோம்," என்றார்கள். அவர்கள் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அஸ்லான் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னிக்குக் காலியா?"

"காலி."

"நல்லது," என்றார் அஸ்லான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லது இல்ல," என்றார்.

கடையின் பணிமனை வாசலில் வண்டிகள் அடைத்து நின்றன. அஸ்லானுக்கு அடுத்த வேலை இருந்தது. ஷோரூமுக்கு முன்னால் மட்டும் விசாலமாக இடம் கிடந்தது. அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே நுழைகிற எவரும் ஊதா எழுத்தைப் படிக்காமல் நுழைய முடியாத இடம் அது.

சியா வெளியே வந்தார். "இத கொஞ்சம் நகத்த முடியுமா?"

"நகந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்றாள் பிரேமலா.

புது கியர்பாக்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் சியா. அதுவரை வண்டியைத் தொலைவில் மூவார் பக்கம் ஒரு கிடங்கில் வைக்கலாம், நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். பிரேமலா மறுத்துவிட்டாள். தலைமை அலுவலகத்தை முகநூல் நேரலையில் கிழித்துவிடப் போவதாகச் சொல்லி மதிவாணன் சட்டைக் கையை மடித்தான்.

"கத்தாதீங்க. வந்து உக்காருங்க," என்றாள் பிரேமலா.

உட்கார்ந்தார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக பிரேமலா சோபாவில் முதுகு வளையாமல் அமர்ந்து, கொடுத்த மைலோவைக் குடித்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. குழந்தையோடு கார் பார்க்க வந்த ஒரு சீனக் குடும்பம் வெளியே நின்ற வண்டியைக் கண்டு, காரிலிருந்து இறங்காமலே திரும்பிப் போனது. ஒரு முதியவர் மட்டும் உள்ளே வந்து, கார் எதையும் பார்க்காமல், நேராக பிரேமலாவிடம் வந்து விவரம் கேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். விற்பனைப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கூரைக்குக் கீழே நடந்த ஒரே வியாபார விசாரிப்பு அதுதான்.

அந்தச் சனிக்கிழமை அங்கே புது மாடல் கார் ஒன்றின் அறிமுக விழா இருந்தது. பலூன்கள் வந்திறங்கின. மங்கலத்துக்கு ஆடும் சீனச் சிங்க நடனக் குழு வந்து இடம் பார்த்துவிட்டு, வெளியே நின்ற வண்டியைச் சுட்டிக்காட்டி சியாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் காளியம்மா வந்தார். மதிவாணன் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்பவன், அவரிடமும் சொல்லியிருந்தான். குணாளன் வேலைக்கு விடுப்புப் போட்டுக் கூட்டி வந்திருந்தான். காளியம்மா சியாவுக்கு எதிரே உட்கார்ந்து, தோட்டத்து மலாயில் நிதானமாகச் சொன்னார்.

"என் புருசன் ஏத்துன சரக்க பாதி வழியில நிப்பாட்டினதே இல்ல. போன பிறகு நீங்க நிப்பாட்டிட்டீங்க."

சியா தலையைக் குனிந்துகொண்டார்.

"மெதுவா ஓட்டினதால கெட்டுச்சுன்னு சொன்னீங்களாம்," என்றான் குணாளன், ஆங்கிலத்தில். "நான் நேர் பின்னால வந்தேன். பெரிய சாலையில எழுபதுல போய்க்கிட்டிருந்தோம். என் கார் கேமராவுல எல்லாம் இருக்கு. வேணும்னா பாருங்க."

பார்த்தார்கள். மேடும், செம்பனைகளும், வேகம் குறைந்து குறைந்து நிற்கும் வெள்ளை வண்டியும். கடைசியில் மேளக்காரர்கள் ஓடி வந்து அடிக்கத் தொடங்கியபோது காளியம்மா திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்காங்க," என்றார்.

குணாளன் பிரேமலா பக்கம் திரும்பினான். "அன்னிக்கு உங்க மேல கோவம்க்கா. அது உங்ககிட்ட காட்ட வேண்டிய கோவம் இல்ல."

"பரவால்ல தம்பி," என்றாள் பிரேமலா.

அவர்கள் போன பிறகு சியா நீண்ட நேரம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. தினம் இங்கேருந்துதான் பாக்கப் போறேன். கார எடுக்கும்போது உங்க வண்டிதான் மொதல்ல கண்ணுல படுது."

பிரேமலா அவரைப் பார்த்தாள். இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு என்ன?"

"இருதயம்."

"சரியாயிடும்," என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்து பல வருடம் ஆகியிருந்தது. அவள் தொழிலில் அதற்கு இடம் வருவதில்லை. "வேணும்னா ஊதா எழுத்து மேல ஒரு துணிய போட்டு மூடி வைக்கறேன்."

"துணி போட்டா இன்னும் மோசமா இருக்கும்," என்றார் சியா.

அவர் எழுந்து போய் நெடுநேரம் கைப்பேசியில் பேசினார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு மலாயில், கடைசியில் குரல் உயர்த்திச் சீனத்தில். வந்து, தன் சொந்தப் பொறுப்பில் செய்வதாகச் சொன்னார். ஷோரூமுக்குள்ளே விற்பனைக்கு அதே மாதிரி வேன் ஒன்று நின்றது. அதிலிருந்து கியர்பாக்ஸைக் கழற்றி இவள் வண்டியில் மாட்டச் சொன்னார். காட்சிக்கு நிற்கும் வண்டி ஓடத் தேவையில்லை. சனிக்கிழமை அதன்மேல் பலூன் கட்டியிருந்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் அதன் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்திருந்தது.

பிரேமலா வெள்ளிக்கிழமை மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷோரூமில் எண்ணைக் குறித்துக்கொண்ட முதியவரிடமிருந்து அழைப்பு வர வெகுநாள் ஆகவில்லை. கெலாங் பாத்தாவில் அவருடைய மனைவி இறந்துவிட்டார். பிரேமலா போனாள். பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் மகள் சுபத்ரா முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். முப்பது வயதிருக்கும். அழுது கண் வீங்கியிருந்தது.

வழி நெடுக பிரேமலா இஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஏசியைக் குறைக்கலாமா என்று சுபத்ரா கேட்டது அவள் காதில் விழவில்லை. ஸ்கூடாய்க்கு முன்னால் நீளமான மேடு ஒன்று உண்டு. அது தூரத்தில் தெரிந்ததும் மஞ்சள் விளக்கு எரியும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மிதியை அழுத்தினாள். விளக்கு எதுவும் எரியவில்லை. இஞ்சின் கத்தவில்லை. வண்டி, பெட்டியும் மாலையும் ஆட்களுமாக, முனகாமல் ஏறியது. பாதி மேடு தாண்டியது. உச்சி தெரிந்தது. பிரேமலாவுக்குக் கண் நிறைந்து, துடைக்கக் கையை எடுக்கப் பயந்து, கன்னத்தில் வழிய விட்டுக்கொண்டு ஓட்டினாள்.

சுபத்ரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டினாள்.

"அம்மாவ உங்களுக்குத் தெரியுமாக்கா?"

வண்டி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. பிரேமலா டிஷ்யூவை வாங்கிக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "இருந்தாலும், நல்லபடியா கொண்டுபோய்ச் சேத்துடறேன்."